பன்னிரண்டில் ஒரு பங்கு

எங்கள் கணவாய்க்குளத்தில் மனிதர் மனசு நாய்க்கும் பூனைக்கும் ஓடத் தொடங்கியது ஓர் ஆனி மாதச் செவ்வாய்க்கிழமை. சிலிண்டர் வண்டி வருகிற கிழமை என்பதால் எல்லோருக்கும் நன்றாக நினைவிருக்கிறது, வண்டிக்காரர் அடுத்த வீட்டு மரகதத்தின் வாசலில் சிலிண்டரை இறக்கிக்கொண்டிருக்கும்போது மரகதம் தன் நாத்தனாரை வாய் நிறைய "வாங்க மைனி, காப்பி குடிங்க" என்று கூப்பிட்டிருக்கிறாள், கூப்பிட்ட வாய் மூடுமுன் அவளுடைய பூனை எழுந்து வந்து நாத்தனாரின் முழங்காலைப் பிறாண்டிவிட்டு மறுபடியும் தன் இடத்தில் போய்ப் படுத்துக்கொண்டது. ஏன் வந்தது, எங்கிருந்து வந்தது என்று என்னிடம் கேட்காதீர்கள். காற்றுக் காலத்தில் கணவாய் வழியாக எத்தனையோ வருகிறது, அந்த வருஷம் இதுவும் வந்தது.

நான் தங்கபுஷ்பம், கால்நடை மருந்தகத்தில் உதவியாளர். மாட்டைப் பிடிப்பதும் ஆட்டுக்கு மருந்து புகட்டுவதும் ஊசி போடும்போது நாயின் வாயைக் கட்டுவதுமாகப் பதினெட்டு வருஷம் நிம்மதியாக ஓட்டினேன். அந்த வாரத்திலிருந்து பிடித்தது சனியன். "புஷ்பம், என் நாய் மூணு நாளா அழுதுகிட்டே கெடக்கு, பாரேன்" என்று ஒருத்தி கண்ணில் சொட்டுத் தண்ணீர் இல்லாமல் வந்து நிற்பாள். "என் பூனை சோத்தைத் தொட மாட்டேங்குது" என்று கடன்காரனுக்குப் பயந்த ஒருத்தன் வருவான். டாக்டரம்மா தொட்டுப் பார்த்து, நாக்கை இழுத்துப் பார்த்து, பதிவேட்டில் 'உடம்புக்கு ஒன்றுமில்லை' என்று எழுதி எழுதிக் கை ஓய்ந்துபோனார். "நாய்க்கு என்ன மருந்து கேக்க? ஒனக்கு என்ன கேடு வந்துச்சுன்னு நீ யோசி" என்று நான் சத்தம் போட்டு அனுப்புவேன், சத்தம் போட்டு என்ன, மறுநாள் இன்னும் பத்துப் பேர் நிற்பார்கள்.

ஆடி பிறப்பதற்குள் ஊர் அதைப் பழகிக்கொண்டது, பழகியதோடு நிற்காமல் அதற்குச் சட்டமும் கண்டுபிடித்தது. யார் கையால் மூன்று தடவை தின்கிறதோ அவர் மனசுதான் அந்த உயிருக்கு ஓடும், அதன் மனசும் அவருக்கு ஓடும். ஓர் உயிர் என்றால் ரெண்டு பங்கு, ரெண்டு உயிர் என்றால் மூன்று பங்கு, எல்லாம் சரிசமமாகப் பிரியும். மனிதருக்கும் மனிதருக்கும் நடுவில் மட்டும் ஒன்றும் ஓடவில்லை, பதினாறு வருஷமாக என் கையால் மூன்று வேளையும் தின்கிற மனுஷனுக்கு என் மனசு எட்டணா அளவுகூடப் போய்ச் சேரவில்லை, அதை யாரிடம் போய்ச் சொல்ல.

பெண் பார்க்கப் போனவர்கள் காப்பி வருவதற்கு முன்னால் "வீட்ல நாய் உண்டுமா, கொஞ்சம் அவுத்து விடுங்க, எங்க பையனைப் பாக்கட்டும்" என்று கேட்டார்கள். துக்க வீட்டுக்கு இட்லி கொண்டு போவதுபோய்ப் பூனைக்குட்டி கொண்டு போனார்கள், புருஷனை இழந்த ஒருத்தியின் மடியில் ஏழு குட்டிகள், அவற்றுக்கு அவள் கையால் பால் வைக்கச் சொல்லி மூன்று வேளை காத்திருந்தார்கள், பிறகு குட்டிகள் ஏழும் வீறிட்டு அழ அவள் எழுந்து குளித்து உலை வைத்தாள். பரீட்சை எழுதுகிற பிள்ளைகள் பள்ளிக்கூட வேப்பமரத்தடியில் நாய்க்குட்டியைக் கட்டிவிட்டு உள்ளே போனார்கள், கணக்குப் பரீட்சையன்று மரத்தடியில் ஒரே ஊளை. மூன்று தடவை போட்டால் நாய் கைமாறிவிடும் என்பதால், டீக்கடை வாசலில் அடுத்தவர் நாய்க்கு பிஸ்கட் போடுவது திருட்டு என்று பஞ்சாயத்தில் தீர்மானமே போட்டார்கள், தலைவர் ஆவுடையப்பன் கையெழுத்துப் போடும்போது அவருடைய நாய் மேசைக்கு அடியில் வாலைச் சுருட்டிக்கொண்டு நின்றது, அவர் ஏற்கெனவே ரெண்டு பேர் நாய்க்கு பிஸ்கட் போட்டவர் என்பது எனக்குத் தெரியும்.

என் வீட்டுக்காரர் பெயர் சுயம்புலிங்கம். பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, எழுதும்போது என்ன வெட்கம். எங்கள் ஊரைச் சுற்றி நிற்கிற, கரண்டு எடுக்கிற காத்தாடிகளில் ஏறி இறங்கி ரிப்பேர் பார்க்கிற வேலை அவருக்கு. கோபுரத்துக்கு உள்ளே இரும்பு ஏணி, எண்பது மீட்டர் ஏறினால் உச்சியில் ஒரு பஸ் அளவுக்குப் பெட்டி, அதன் மூடியைத் திறந்து வெளியே முதுகில் ஏறினால் மேலே வானம், கீழே ஒன்றுமில்லை. ஒரு நாளும் அவர் பயம் என்று சொன்னதில்லை. நாங்கள் வளர்த்த செவலை நாய்க்கு அவர்தான் தன் தட்டிலிருந்து சோறு வைப்பார், அந்த ஆனியில் ஒரு காலை பத்தேகாலுக்குச் செவலை அடுப்படி மூலையில் போய் ஒண்டிக்கொண்டு உடம்பெல்லாம் நடுங்கி நின்ற இடத்திலேயே மூத்திரம் விட்டபோதுதான், தினமும் பத்தேகாலுக்கு மூடியைத் திறக்கிறவரின் வயிற்றுக்குள் பதினாலு வருஷமாக என்ன இருந்தது என்று எனக்குத் தெரிந்தது. அன்றைக்கு நான் அழுதேன். நாயைக் கட்டிக்கொண்டு அழுதேன்.

சாயங்காலம் வந்தவர், "இன்னைக்கு என்னமோ பாதிப் பாரம் இறங்கின மாதிரி இருந்துச்சுட்டி" என்றார். நான் நாயைக் காட்டினேன். அவர் வெகுநேரம் செவலையைத் தடவிக்கொண்டிருந்தார், பாவம் என்றார், மன்னிச்சிக்கோ என்றார், ஆனால் ருசி கண்டுவிட்டார். அடுத்த வாரம் ஒரு நாய் வந்தது. அதற்கடுத்து ரெண்டு வந்தன. காட்டுப்பாதையில் கிடந்தது, பஸ் ஸ்டாண்டில் நின்றது, யாரோ சாக்கில் கட்டிப் போட்டது என்று ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து தன் கையால் சோறு வைத்து, ஆடி முதல் வாரத்தில் எங்கள் முற்றத்தில் பதினொரு நாய்கள். காலை பத்தேகாலுக்குப் பதினொன்றும் லேசாக ஒரு சிலிர்ப்புச் சிலிர்க்கும், அவ்வளவுதான், பன்னிரண்டாய்ப் பிரிந்த பயம் யாருக்கும் ஒரு பாரமில்லை.

நல்லதுதானே என்று நானும் இருந்தேன். ஊரே அவரைக் கொண்டாடியது. ஆடிக் காற்றில் யாரும் ஏற மாட்டார்கள், ஏறக் கூடாது என்று கம்பெனியிலேயே விதி, இவர் "நான் போறேன்" என்று கையைத் தூக்கினார், சூப்பர்வைசர் ஜெபசிங் முதலில் தயங்கி, பிறகு தயங்காமல் அனுப்பினார். ஒரு நாள் மருந்தகத்து வாசலில் நின்று கழுத்தை நிமிர்த்திப் பார்க்கிறேன், பக்கத்துக் காத்தாடியின் உச்சியில் எங்கள் வீட்டுக்காரர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நிற்கிறார், விழாமல் இருக்கக் கட்டுகிற பெல்ட்டின் கொக்கி எதிலும் மாட்டாமல் காற்றில் ஆடிக்கொண்டிருக்கிறது. முன்னெல்லாம் அந்தக் கொக்கியை மூன்று தடவை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் ஓர் அடி எடுத்து வைப்பாராம், ஜெபசிங்தான் சொல்லியிருக்கிறார், கூட வேலை செய்கிறவர்கள் அதைச் சொல்லிக் கிண்டல் பண்ணுவார்களாம்.

"கொக்கி மாட்டலையே நீங்க" என்றேன் சாயங்காலம்.

"அதை மாட்ட, கழட்ட, மாட்ட, கழட்டன்னு நேரம் போவுதுட்டி. விழவா போறேன்?"

"விழுந்தா?"

"விழுந்தா என்ன" என்றார், கேலியாக இல்லை, நிஜமாகவே யோசித்துப் பார்த்து, அதில் ஒன்றும் கிடைக்காதவராக. கெஞ்சினேன், திட்டினேன், சோறு போட மாட்டேன் என்றேன். "சரி சரி மாட்டுதேன்" என்பார், மறுநாள் மாட்ட மாட்டார், மறந்துபோகும், பயம் இல்லாதவருக்கு அது எப்படி ஞாபகம் வரும்.

பயம் மட்டும் பங்காகியிருந்தால்கூடப் பொறுத்திருப்பேன். புதன்கிழமை சாயங்காலம் எங்கள் மகள் கனிமலர் சைக்கிளிலிருந்து விழுந்து, தாடை கிழிந்து, சட்டையெல்லாம் ரத்தமாக வாசலில் வந்து "அப்பா" என்று நின்றாள். முற்றத்தில் பதினொரு நாய்களும் ஒரே நேரத்தில் கழுத்தைத் தூக்கி ஊளையிட்டன. அவர் டிவியிலிருந்து திரும்பிப் பார்த்து, "தண்ணி விட்டுக் கழுவு புள்ள" என்று சொல்லிவிட்டுத் திரும்பிக்கொண்டார். அந்தப் பிள்ளை என்னைப் பார்த்த பார்வையை இப்போது நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. என்னையும் அவர் அந்த ஆடி முழுக்க அப்படித்தான் பார்த்தார், பன்னிரண்டில் ஒரு பங்காக, மீதி பதினொரு பங்கும் வாலை ஆட்டிக்கொண்டு என் சேலையை முகர்ந்தது.

ஆஸ்பத்திரியில் பிள்ளைக்கு நாலு தையல் போட்டு வெளியே வரும்போதே முடிவு பண்ணிவிட்டேன். நாய்களை விரட்டினால் திரும்பிக் கூட்டிவருவார். என் கையால் மூன்று தடவை சோறு வைத்துவிட்டால் பதினொன்றும் எனக்கு ஆகிவிடும், அவர் பயம் முழுசாக அவருக்கே போய்ச் சேரும். பஞ்சாயத்துத் தீர்மானப்படி அது திருட்டு. கட்டின புருஷனின் நாயைத் எடுத்தால் அது என்ன திருட்டு.

ஆனால் எப்போது போய்ச் சேர வேண்டும் என்பதுதான் விஷயம், அவர் உச்சியில் நிற்கும்போது பன்னிரண்டு பங்கும் ஒரேயடியாகத் தலையில் இறங்கினால் என்ன ஆகும் என்று யோசிக்காதவளா நான். விரலை மடக்கி எண்ணினேன். வெள்ளிக்கிழமை அவர் வேலைக்குப் போன பிறகு ஒரு தடவை, சனிக்கிழமை போன பிறகு ஒரு தடவை, ஞாயிற்றுக்கிழமை லீவு, கறி எடுக்கக் கடைக்குப் போகிற நேரத்தில் மூன்றாவது தடவை. கறிக்கடையில் நிற்கும்போது பயம் வந்தால் வரட்டும், ரெண்டு நாள் கட்டிலில் கிடந்து நடுங்கட்டும், நான் கஞ்சி வைத்துக் கொடுப்பேன். வெள்ளிக்கிழமை கருவாட்டுக் குழம்பு ஊற்றிப் பிசைந்து வைத்தேன், பதினொன்றும் நக்கித் தின்றன. சனிக்கிழமை அவர் போன பிறகு மீன் தலை போட்டுக் கஞ்சி வைத்தேன், கடைசியாகச் செவலை தட்டை நக்கி நிமிர்ந்தபோது மணி பத்தரை.

பதினொரு நாய்களும் என்னைப் பார்த்தன.

நெஞ்சுக்குள் ஒரு கனம் சட்டென்று காணாமல் போயிற்று. கனிமலரின் தையல், வீட்டுக் கவலை, அவரைப் பற்றிய பயம் எல்லாம் ஞாபகத்தில் இருந்தன, எதுவும் உறுத்தவில்லை. நாய்கள் நடுங்கத் தொடங்கின. ஏன் ரெண்டாவது தடவையிலேயே ஆயிற்று என்று நிதானமாக, வேறு யார் வீட்டுக் காரியத்தையோ யோசிக்கிறவளாக யோசித்தேன், அப்போதுதான் தெரிந்தது. புதன்கிழமை காலை எங்கள் மருந்தகத்தில் குடற்புழு மாத்திரை முகாம். அவரே பதினொன்றையும் ஓட்டிக்கொண்டு வந்து விட்டுவிட்டுப் போனார். மாத்திரையைச் சும்மா கொடுத்தால் துப்பிவிடும் என்று பதினெட்டு வருஷப் பழக்கத்தில் ஒவ்வொரு மாத்திரையையும் ஒரு சோற்று உருண்டைக்குள் வைத்து என் கையாலேயே வாயில் திணித்தவள் நான்தான். ஊரில் ஒரு நாய்க்கும் அன்றைக்கு நான் அதைச் சோறென்று நினைத்துக் கொடுக்கவில்லை, மருந்தென்று நினைத்தே கொடுத்தேன். உருண்டைக்கு என்ன தெரியும், அதுவும் சோறுதானே.

கால் மணி நேரம் கழித்து ஃபோன் அடித்தது. ஜெபசிங்.

"அக்கா, அண்ணாச்சி மேல பெட்டி முதுகுல குப்புறப் படுத்துக் கெடக்காரு. காத்து அளக்குற கருவிய மாத்தப் போனவரு, திடீர்னு படுத்துட்டாரு. கொக்கி மாட்டல. நான் மூடி வரைக்கும் ஏறிப் போயிக் கூப்பிட்டுப் பாத்துட்டேன், கேக்கவே மாட்டேங்காரு. எனக்கு வெளிய கால வைக்க முடியலக்கா, காத்து தள்ளுது. தீயணைப்பு வண்டி வர முக்கா மணி நேரம் ஆவுமாம்."

"எதைப் புடிச்சிருக்காரு?"

"ஓரத்துல ஒரு கம்பி. ஒத்தக் கம்பி."

மொபெட்டை எடுத்துக்கொண்டு போனேன், பின்னாலேயே பதினொரு நாய்களும் ஓடிவந்தன, வழியில் மரகதமும் டீக்கடைக்காரரும் எழுந்து நின்று பார்த்தார்கள், தலைவர் ஆவுடையப்பன் நாய்களின் முகத்தைப் பார்த்ததுமே விஷயம் புரிந்து "ஏ புஷ்பம், தீர்மானம் இருக்குல்லா" என்று கத்தினார். நான் போய்க்கொண்டே இருந்தேன். காத்தாடியின் அடியில் ஊர் பாதி கூடியிருந்தது. அண்ணாந்து பார்த்தால் வெள்ளைப் பெட்டியின் மேல் ஒரு நீலச் சட்டை ஒட்டிக்கொண்டிருந்தது, காற்று அதன் பின்பக்கத்தைத் தூக்கித் தூக்கிப் போட்டது.

"பெல்ட்டக் குடு" என்றேன் ஜெபசிங்கிடம்.

"அக்கா, நீங்க ஏற முடியாது."

"ஒனக்குப் பயமா இருக்கா?"

"இருக்கு."

"எனக்கு இல்ல. குடு."

அவர் என்னைப் பார்த்தார், என் காலடியில் ஒன்றன்மேல் ஒன்று ஏறி ஒண்டிக்கொண்டு நடுங்குகிற நாய்களைப் பார்த்தார், பெல்ட்டை மாட்டிவிட்டு, அதன் கொக்கியை ஏணியோடு ஓடுகிற கயிற்றில் பூட்டி, என் பின்னாலேயே ஏணியில் ஏறினார். காளை மாட்டின் மூக்கணாங்கயிற்றைப் பிடித்து நிறுத்துகிற கை என் கை, ஆனால் எண்பது மீட்டர் வேறு சமாச்சாரம், முதல் மேடையில் மூச்சு வாங்கியது, ரெண்டாவதில் முழங்கால் கெஞ்சியது, மூன்றாவதில் உள்ளங்கை தோல் உரிந்தது, எல்லாம் உடம்புக்குத்தான், மனசு வீட்டுக்குக் காய் வாங்கப் போகிறவள் மனசாக இருந்தது. நேரம் ஆக ஆக அவர் கை வலுவிழக்கும், கை விட்டால் எல்லாம் முடிந்தது, இதையெல்லாம் நான் நன்றாக அறிந்தே ஏறினேன். கீழே இரும்புக் கதவைப் பதினொரு நாய்களும் பிறாண்டுகிற சத்தம் கோபுரம் முழுக்க எதிரொலித்து மேலே வந்தது, என் வயிற்றில் இருக்கவேண்டியது அங்கே கிடந்து பிறாண்டுகிறது என்று எனக்குத் தெரிந்தது.

மூடியைத் தள்ளித் தலையை நீட்டினேன். காற்று கன்னத்தில் அறைந்தது. அவர் ஏழெட்டு அடி தள்ளி, சரிவின் ஓரத்தில், அந்த ஒத்தைக் கம்பியை ரெண்டு கையாலும் பிடித்துக் கன்னத்தைத் தகரத்தில் அழுத்திக் கிடந்தார். கண் மூடியிருந்தது. பல் கிட்டித்து உதடு நீலம் பாரித்திருந்தது.

"ஏங்க" என்றேன்.

கண் திறந்தது. "வராதட்டி."

"கொக்கி மாட்டணும், மாட்டிட்டு இறங்கிருவோம்."

"வராத. வராத."

ஜெபசிங் ஏணிக் கயிற்றிலிருந்து என் கொக்கியைக் கழற்றினார், "அக்கா, வெளிய அந்த வளையத்துல மாட்டிட்டுப் போங்க" என்று சொன்னது காதில் விழுந்தது. விழுந்தும் என்ன. நான் வெளியே வந்து எழுந்து நின்றேன். தவழ வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை, வளையத்தைக் கண்ணால் பார்த்துக்கொண்டே தாண்டினேன், ஒரு நிமிஷ வேலை, அப்புறம் மாட்டலாம் என்றிருந்தது. நாலடி நடந்தேன். ஐந்தாவது அடியில் காற்று சேலைக்குள் புகுந்து என்னைப் பக்கவாட்டில் ஓரடி நகர்த்தியது. அப்போதும் எனக்கு ஒன்றுமில்லை.

அவர் என் இடுப்பைப் பார்த்தார். கொக்கி சும்மா ஆடுவதைப் பார்த்தார். பன்னிரண்டு பங்குப் பயமும் ஒரே உடம்பில் இருந்த அந்த மனுஷன் ஒரு சத்தம் போட்டார், அது வார்த்தையே இல்லை, முக்கால் மணி நேரமாக யார் கூப்பிட்டும் விடாத கம்பியை ஒரு கையால் விட்டுவிட்டுத் தகரத்தில் மார்பால் ஊர்ந்து, என் கால்களை ஒரு கையால் வாரி இழுத்து என்னை முட்டிபோட வைத்து, ஆடிக்கொண்டிருந்த என் கொக்கியைப் பிடித்து அந்தக் கம்பியில் மாட்டினார். மாட்டி இழுத்துப் பார்த்தார். மறுபடி இழுத்துப் பார்த்தார். மூன்றாவது தடவை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் என் முகத்தைப் பார்த்தார்.

நான் அவருடைய கொக்கியை எடுத்து அதே கம்பியில் மாட்டினேன்.

அதோடு அவர் உடைந்தார். என் மடியில் தலையைப் புதைத்துக்கொண்டு, உடம்பெல்லாம் தூக்கிப் போட, "கனி தாடையில ரத்தம்டி, ரத்தத்தோட வந்து நின்னாளேடி, நான் கழுவுன்னு சொன்னேனேடி" என்று விம்மினார். மூன்று நாள் கழித்து அவருக்கு அந்த ரத்தம் இப்போதுதான் தெரிந்தது. அவர் தலையைத் தடவிக்கொடுத்தேன். பதினாறு வருஷம் என்னோடு வாழ்ந்தவர், விழாமல் என் கையில் கிடக்கிறார், இதற்கு நான் கதறியிருக்க வேண்டும், அவரைக் கட்டிக்கொண்டு சாமிக்கெல்லாம் நேர்ந்திருக்க வேண்டும். உள்ளே தேடிப் பார்த்தேன். 'பரவாயில்லை, நல்லபடியாக முடிந்தது' என்கிற அளவுக்கு ஏதோ ஒன்று இருந்தது. அந்த ஆடி முழுக்க எங்களை அவர் எதைக்கொண்டு பார்த்தார் என்று எனக்குப் புரிந்தது, புரிந்ததும்கூட வலிக்கவில்லை.

அவர் தலையைத் தூக்கி என் கண்ணைப் பார்த்தார். அதில் ஒரு சொட்டு இல்லை. அவர் முகத்தில் புதிதாக ஒரு பயம் ஏறியது.

"புஷ்பம், என்னட்டி இப்படி இருக்க? நான் பொழச்சது ஒனக்கு ஒண்ணுமே இல்லையா?"

"கீழ பாருங்க" என்றேன்.

மாட்டேன் என்று தலையை ஆட்டினார். நான் அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டேன். அவர் என் கொக்கியை ஒரு தடவையும் தன் கொக்கியை ஒரு தடவையும் இழுத்துப் பார்த்துவிட்டு, மெல்ல மெல்ல ஓரத்துக்கு முகத்தை நகர்த்தி எட்டிப் பார்த்தார். எண்பது மீட்டர் கீழே கூட்டத்தை விலக்கிக்கொண்டு பதினொரு நாய்களும் கோபுரத்தைச் சுற்றிச் சுற்றி ஓடின, ஒன்றையொன்று தாண்டிக் குதித்தன, மண்ணில் புரண்டு எழுந்து கண்டவர் முகத்தையெல்லாம் நக்கின, செவலை வாலை ஆட்டுகிற வேகத்தில் நிற்க முடியாமல் விழுந்து விழுந்து எழுந்தது, அவை ஊளையிட்டுக் கத்துகிற சத்தம் அந்தக் காற்றையும் மீறி எங்களுக்குக் கேட்டது.

"அவ்வளவும் நாந்தான்" என்றேன்.